ஒரு மெஷின், இரண்டு கோளாறு: அடிக்கடி நின்றுபோன ஒரு டெஸ்க்டாப்பின் நிகழ்வு ஆய்வு

வந்தது அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். 8 கோர் பிராசஸர், 8 ஜிபி வீதம் நான்கு டிடிஆர்4 ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), விண்டோஸ் 11. வீடியோ எடிட்டிங்தான் அதற்கு முழுநேர வேலை. உரிமையாளர் சொன்ன புகார் ஒரே வரி: "அடிக்கடி ஹேங் ஆகுது சார்."

என்னிடம் வருவதற்கு முன்பே பல வைத்தியம் நடந்திருந்தது. ஃபார்மட் செய்து விண்டோஸ் புதிதாகப் போட்டிருந்தார்கள். டிரைவர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. பிராசஸருக்குத் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் பூசியிருந்தார்கள். கடைசியில் எஸ்எஸ்டியையே மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சில நாள் ஒழுங்காக ஓடியது, பிறகு மறுபடி பழைய கதை. அந்தச் 'சில நாள் ஒழுங்காக ஓடியது' என்ற தகவலை யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னால் அதுதான் பெரிய துப்பாக அமைந்தது.

எப்படிச் சாகிறது என்று முதலில் பிரிப்பது

ஹேங் என்று சொல்லி வரும் மெஷின்களில் குறைந்தது நான்கு விதம் உண்டு. படம் உறைந்து மவுஸ்கூட நகராமல் நிற்பது ஒன்று. நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆவது இன்னொன்று. எந்தத் திரையும் காட்டாமல் சட்டென்று இருண்டு, தானாகவே மறுபடி பூட் ஆவது மூன்றாவது. இருண்டபின் பட்டனை அழுத்தினாலும் எழாமல், பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருவது நான்காவது. இந்த நான்கும் வெவ்வேறு இடத்தைக் கைகாட்டுபவை. எல்லாவற்றையும் ஒரே புகாராக எடுத்துக்கொண்டால் எதைச் சரிசெய்தாலும் 'இன்னும் சரியாகவில்லை' என்றுதான் தெரியும். இங்கே நடந்ததும் அதுதான்.

இதில் இப்போது ஒரு புதுக் குழப்பமும் சேர்ந்திருக்கிறது. 2025இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு நீலத்திரை கறுப்புத்திரை ஆகிவிட்டது. 'திடீர்னு கறுப்பாயிடுது' என்று ஒருவர் சொன்னால், விண்டோஸ் தானே நின்றதா, மின்சாரமே அறுந்ததா என்று பேச்சை வைத்து முடிவுகட்ட முடியாது. பழக்கத்தில் நான் நீலத்திரை என்றே எழுதுகிறேன்.

அதனால் மெஷினைத் திறப்பதற்கு முன் இரண்டு வேலை. விண்டோஸின் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை அணைத்தேன். அப்போதுதான் பிழைத்திரை அப்படியே நிற்கும், படித்துப் பார்க்கலாம். உரிமையாளரிடம் ஒரு தாளைக் கொடுத்து, நின்ற நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, எப்படி நின்றது ஆகிய மூன்றை மட்டும் எழுதச் சொன்னேன். காரணம் என்று அவர் நினைப்பதை எழுத வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன். எழுதினால் அடுத்தடுத்த பதிவுகள் அந்த நினைப்புக்கு ஏற்றபடி வளைந்துவிடும்.

41 என்ற எண்

விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்ததும் சிவப்பு நிறத்தில் வரிசையாக கெர்னல்-பவர் 41. இந்த எண்ணைத் தேடிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் நேரே எஸ்எம்பிஎஸ் வாங்கப் போய்விடுகிறார்கள், பெயரில் 'பவர்' இருக்கிறதே என்று. 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன தடவை இந்த மெஷின் முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை. அதுவும் அடுத்த தடவை பூட் ஆகும்போது எழுதப்படுவது. காய்ச்சல் என்று எழுதிய சீட்டைப் போல; எதனால் காய்ச்சல் என்பது அதில் இருக்காது.

ஆனால் அதே பதிவின் டீடெய்ல்ஸ் பகுதிக்குள் போனால் பக்செக்கோடு என்று ஒரு வரி இருக்கும். அது பூஜ்யமாக இருந்தால், விண்டோஸுக்குத் தான் சாவதே தெரியாமல் எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு எண் இருந்தால் விண்டோஸ் தானே பிழையைக் கண்டு நிறுத்தியிருக்கிறது. அங்கே எண் தசம முறையில் இருக்கும், நீலத்திரைக் குறியீடுகளின் பட்டியலிலோ பதினறும முறையில் இருக்கும். 80 என்று பதிவானால் பட்டியலில் 50ஐப் பார்க்க வேண்டும். 59 என்றால் 3பி. 26 என்றால் 1ஏ. இதை மாற்றாமல் தேடி, சம்பந்தமில்லாத பிழைக்கு மருந்து தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மெஷினில் பெரும்பாலும் பூஜ்யம். ஆனால் அதை அப்படியே நம்ப முடியவில்லை. எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் வைத்துக்கொள்ளும் ஃபைல்) முழுவதும் அணைத்து வைத்திருந்தார்கள். விண்டோஸ் விழும்போது மெமரியில் இருந்ததைப் பதிந்து எழுதும் டம்ப், பேஜ் ஃபைல் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. அது இல்லையென்றால் டம்ப் கிடையாது, நீலத்திரை வந்த சாவுகூட பூஜ்யமாகவே பதிவாகலாம். பேஜ் ஃபைலைப் பழையபடி சி டிரைவில் வைத்துவிட்டு மெஷினை அதன் போக்கில் ஓட விட்டேன்.

அதன்பிறகு சேர்ந்த பதிவுகளில் படம் தெளிவானது. இரண்டு வகைச் சாவு இருந்தது. ஒன்று, நீலத்திரையும் டம்ப்பும் உள்ளது. பிரவுசர் பார்க்கும்போது, ஜிப் ஃபைல் விரிக்கும்போது, சில சமயம் யாரும் தொடாமல் இருக்கும்போது என்று நேரம் காலம் இல்லாமல் வந்தது. மற்றது பூஜ்யம், டம்ப் இல்லை, திரை இல்லை, சட்டென்று ரீஸ்டார்ட். உரிமையாளரின் தாளில் அந்த வரிகளுக்கு எதிரே மட்டும் ஒரே சொல் திரும்பத் திரும்ப இருந்தது: எக்ஸ்போர்ட்.

இரண்டையும் தனித்தனிக் கோளாறாக எடுத்துக்கொள்வது என்று அங்கே முடிவெடுத்தேன். ஒரு மெஷினுக்கு ஒரு கோளாறுதான் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆளாளுக்கு ஒரு குற்றவாளி

டம்ப்களை வின்டிபிஜி என்ற ஆய்வுக் கருவியில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் மேல் பழி போட்டது. ஒன்று கிராபிக்ஸ் டிரைவர் என்றது, இன்னொன்று டிஸ்க் ஃபைல்களைக் கையாளும் என்டிஎஃப்எஸ் என்றது, மற்றொன்று விண்டோஸ் கெர்னல் என்றது, ஆன்டிவைரஸின் ஃபில்டர் டிரைவரும் ஒரு தடவை மாட்டியது. பிழைப் பெயர்களும் மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் என்று மாறிமாறி வந்தன. முன்பு பார்த்தவர்கள் டிரைவர்களை ஒவ்வொன்றாக மாற்றியது இதனால்தான். அந்தக் கருவி காட்டும் பெயர் விழுந்த இடத்தில் நின்றவரின் பெயர். தள்ளியவர் அவர்தான் என்று அர்த்தமில்லை.

ஒரு டிரைவர் கெட்டிருந்தால் அதே பெயர் மீண்டும் மீண்டும் வரும். பெயர் மாறிக்கொண்டே இருப்பது, எல்லோரும் நிற்கும் தரையே ஆடுகிறது என்பதற்கு அறிகுறி. ஒரு டம்ப்பில் இதைவிட வலுவான சாட்சி கிடைத்தது. மெமரியில் இருந்த விண்டோஸ் நிரலை மைக்ரோசாஃப்ட் தரும் அசல் பிரதியோடு வின்டிபிஜி ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருக்கிறது என்று சொன்னது. மென்பொருள் தப்பாக எழுதினால் பெரும்பாலும் பைட் கணக்கில், சொல் கணக்கில் அழியும். 0 இருக்க வேண்டிய ஓர் இடத்தில் மட்டும் 1 இருப்பது ஹார்டுவேரின் கைரேகை.

பிராசஸரையும் யோசித்தேன். 2024இல் 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் இதே மாதிரி நிலையில்லாத அறிகுறிகள் வந்து, இன்டெல்லே காரணத்தை அறிவித்து மைக்ரோகோட் அப்டேட் தந்து, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. ஆகவே இப்போது எந்த மெஷின் வந்தாலும் பிராசஸர் எது என்று பார்த்துவிடுவது நல்லது. இது அந்த வகை இல்லை. ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் வீயா-லாகர் பகுதியிலும் ஒன்றுமில்லை. அடுத்தது ரேம்.

'ரேம் டெஸ்ட் எடுத்தாச்சே, பாஸ் ஆயிடுச்சே' என்றார் உரிமையாளர். எடுத்தது விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக், ஸ்டாண்டர்டு அளவில். அது பிழை காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன். முதல் சுற்று சுத்தமாகப் போனது. ரேம் நன்றாகச் சூடேறிய இரண்டாம் சுற்றில் பிழைகள் கொட்டின.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் நல்ல ரேமைக் குப்பையில் போடுவோம். பிழை வந்த முகவரிகள் சிதறிக் கிடந்தன. ஒரு சிப் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதே முகவரி, அதே பிட் திரும்பவரும். ஆகவே ஒவ்வொரு ரேமையும் தனியாகப் போட்டு ஓட்டினேன்: பிழை இல்லை. முதலில் இருந்த பழைய ஜோடி மட்டும், பிறகு சேர்த்த வேறு கம்பெனியின் புது ஜோடி மட்டும்: இரண்டிலும் இல்லை. நான்கையும் போட்டு, வேகமூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து அடிப்படை வேகமான 2133இல் ஓட்டினால் அப்போதும் இல்லை. நான்கும் சேர்ந்து 3200இல் ஓடும்போது மட்டும் வந்தது. கெட்ட ரேம் என்று ஒன்று அந்த மெஷினில் இல்லவே இல்லை.

எக்ஸ்எம்பி என்பது ரேம் நிறுவனம் எழுதிவைத்த ஓவர்கிளாக் அமைப்பு. டிடிஆர்4இன் வழக்கமான 1.2 வோல்ட்டுக்குப் பதில் பெரும்பாலும் 1.35 வோல்ட் எடுத்துக்கொண்டு லேபிளில் உள்ள வேகத்தைத் தருவது. அந்த உத்தரவாதம் ஒரே பெட்டியில் சேர்த்து விற்ற ஜோடிக்குத்தான். வேறு கம்பெனியின் இன்னொரு ஜோடியை அருகில் சொருகினால், இரண்டு லேபிளிலும் 3200 என்றே அச்சிட்டிருந்தாலும், அந்த வாக்குறுதி செல்லாது. இன்னொரு பக்கம், பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு நான்கு ரேம் என்பது கூடுதல் சுமை. எடுத்துக்காட்டாக, ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி தந்த அளவு இரண்டு ரேமுக்கு 3200. நான்கு சிங்கிள் ரேங்க் (சிப்கள் ஒரே தொகுதியாக உள்ள) ரேமுக்கு 2933. நான்கு டூயல் ரேங்க் (இரண்டு தொகுதியாக உள்ள) ரேமுக்கு 2667. இதைப் படித்துவிட்டு ரேம் வாங்குகிறவர்கள் அபூர்வம். விற்கிறவர்களும் சொல்வதில்லை.

இப்போது அந்தச் 'சில நாள் ஒழுங்காக ஓடிய' புதிருக்கு விடை கிடைத்தது. ஒவ்வொரு தடவை கேபினட்டைத் திறந்தபோதும் யாரோ மதர்போர்டின் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டி, அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸை ரீசெட் செய்திருக்கிறார்கள். ரீசெட் ஆனால் எக்ஸ்எம்பி அணைந்துவிடும், ரேம் 2133இல் ஓடும், நீலத்திரை வராது. புது விண்டோஸ், புது எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் அந்தப் பெருமை போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்து உரிமையாளர் டாஸ்க் மேனேஜரில் 2133 என்று பார்த்து, 3200க்குக் காசு கொடுத்தேனே என்று எக்ஸ்எம்பியை மறுபடி ஆன் செய்துவிடுவார்.

2933இல் வைத்துப் பார்த்தேன்: பிழை குறைந்தது, நிற்கவில்லை. 2666இல் சுத்தம். அடுத்த இரவும் அதே வேகத்தில் ஓட்டி உறுதிசெய்துகொண்டு அங்கேயே நிறுத்தினேன். 16 ஜிபி வீதம் இரண்டு உள்ள புது ஜோடி வாங்குவதுதான் இன்னும் ஒழுங்கான வழி. ஆனால் எடிட்டிங்கில் அவருக்கு வேகம் குறைந்தது தெரியவே இல்லை என்றபோது அந்தச் செலவு தேவையில்லை.

பழைய பிழை விட்டுச்சென்றவை

ரேம் சரியானதும் வேலை முடிந்துவிடாது. பிழையுள்ள மெமரி வழியாகத்தான் அத்தனை ஃபைலும் டிஸ்குக்குப் போயிருக்கிறது. புதிதாகப் போட்ட விண்டோஸும் அதே வழியாக வந்ததுதான். எக்ஸ்எம்பி ஓடும்போது போட்டிருந்தால், பிறக்கும்போதே சில ஃபைல்கள் கெட்டுப் பிறந்திருக்கலாம். அதனால் டிஸ்ம் என்ற விண்டோஸ் கருவி கொண்டு விண்டோஸின் மூலப் பிரதியைச் சரிசெய்து, பிறகு கெட்ட சிஸ்டம் ஃபைல்களை மாற்றும் எஸ்எஃப்சி ஓட்டினேன். சில ஃபைல்களை அது மாற்றியது. இந்த வரிசை முக்கியம். ரேம் சரியாகும் முன் எஸ்எஃப்சி ஓட்டினால், நல்ல ஃபைலையே கெட்டதாகப் படித்து மாற்றி வைக்கும் அபாயம் உண்டு. நீலத்திரை வந்தால் முதலில் எஸ்எஃப்சி ஓட்டு என்று எல்லோரும் சொல்லும் ஆலோசனையில் எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான்.

அவருடைய புராஜெக்ட் ஃபைல்கள் விஷயத்தில்தான் மனம் கனத்தது. அந்த மாதங்களில் எடுத்த பேக்கப்பும் இதே மெஷின் வழியாகப் போனது. காப்பி ஆகும்போது ஒரு பிட் புரண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. வீடியோவில் ஒரு பிரேம் சிதைந்திருக்கும், அல்லது ஜிப் திறக்காது. சர்வர்களில் இருக்கும் ஈசிசி ரேம் இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடித்துப் பதிந்துவைக்கும். 2009இல் கூகுளின் சர்வர்களை வைத்து வெளியான ஓர் ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேலான ரேம் மாட்யூல்களில் பிழை பதிவானது. டெஸ்க்டாப்பில் பதிவதற்கு ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கேமரா கார்டுகளில் மூலம் இன்னும் அழியாமல் இருந்தவற்றை வேறொரு கம்ப்யூட்டரில் ஹேஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிட்டோம். மூலம் இல்லாதவற்றை அவர் ஒவ்வொன்றாகத் திறந்து ஓட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. சில திறக்கவில்லை.

எக்ஸ்போர்ட்டில் வரும் இருட்டு

நீலத்திரை அடியோடு நின்றது. பிரவுசர் டேப் தானாகச் செத்துப்போவதும் நின்றது. ஆனால் எக்ஸ்போர்ட் போட்டதும் இருண்டு ரீஸ்டார்ட் ஆவது மட்டும் தொடர்ந்தது. 'அதேதான் சார் இன்னும்' என்றார் அவர். லாகில் இப்போது வந்ததெல்லாம் பூஜ்யம் மட்டுமே. முதல் கோளாறு போய், இரண்டாவது தனியாக வெளியே தெரிந்தது.

சூடா என்று முதலில் பார்த்தேன். சூட்டை அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவை 2 விநாடிக்கு ஒருமுறை ஃபைலில் எழுதும்படி வைத்தால், செத்த நொடிக்கு முந்தைய வரி டிஸ்கில் இருக்கும். பிராசஸர் 78 டிகிரி, கிராபிக்ஸ் 71 டிகிரி. ஏறிக்கொண்டே போன அடையாளமும் இல்லை. சூடு காரணமென்றால் முதலில் வேகம் குறையும், பிறகுதான் நிற்கும். ஆகவே பேஸ்ட் மாற்றியதில் பயன் இருந்திருக்க முடியாது.

எஸ்எம்பிஎஸ் கணக்கு காகிதத்தில் நன்றாகவே இருந்தது. கார்டு 220 வாட், பிராசஸர் உச்சத்தில் சுமார் 140 வாட், மற்றதெல்லாம் சேர்த்து 420க்குள். 550 தாராளம். 12 வோல்ட் லைனை மல்டிமீட்டரில் பார்த்தால் சுமையிலும் 11.9. எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதி 5 சதவீதம் ஏறலாம் இறங்கலாம் என்கிறது, அதாவது 11.4 முதல் 12.6 வரை. அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. கிராபிக்ஸ் கார்டு சும்மா இருந்து முழுச் சுமைக்குத் தாவும்போது, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தன் கணக்கைப் போல இரு மடங்குகூட இழுக்கும். இந்தத் தாவலை மனதில் வைத்துத்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0, எஸ்எம்பிஎஸ் தன் திறனில் 200 சதவீதத்தை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று விதித்தது. இந்த எஸ்எம்பிஎஸ் அதற்குப் பல வருடம் மூத்தது. கெப்பாசிட்டர்களும் வயதாகியிருக்கும்.

பிராசஸருக்கு முழுச் சுமை தரும் பிரைம்95 மட்டும் ஓட்டினால் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடியது. கிராபிக்ஸ் கார்டுக்குச் சுமை தரும் ஃபர்மார்க் மட்டும் ஓட்டினாலும் அப்படியே. பிரைம்95 ஓடும்போதே ஃபர்மார்க்கைத் தொடங்கி நிறுத்தி, மறுபடி தொடங்கினால் விழுந்தது. நிலையான சுமையை மட்டும் வைத்துச் சோதித்து எஸ்எம்பிஎஸ் நல்லதுதான் என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்தத் தொடங்கி நிறுத்தும் வேலையைச் செய்து பார்க்க வேண்டும். எக்ஸ்போர்ட் செய்வதும் அதேதான். ஒரு எஃபெக்ட் வரும் இடத்தில் கார்டு எழுகிறது, அடுத்த காட்சியில் தூங்குகிறது.

விழுந்த விதமும் ஒன்று சொன்னது. எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு வெட்டிவிட்டிருந்தால் பெரும்பாலும் அப்படியே அணைந்து கிடக்கும், ஸ்விட்சைப் போட்டு எடுத்தால்தான் எழும். இது தானே ரீஸ்டார்ட் ஆனது. மின்சாரம் சரியாக இருக்கிறது என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் பவர் குட் சிக்னல் ஒரு கணம் விழுந்தால் மதர்போர்டு ரீசெட் ஆகிவிடும். நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

புதிது வாங்கச் சொல்லுமுன் காசில்லாத சோதனைகள் மூன்று. யுபிஎஸ்ஸை விலக்கி நேரே சுவரில் சொருகியதில் மாற்றமில்லை. கார்டின் இரண்டு 8 பின் சாக்கெட்டுக்கும் ஒரே கேபிளில் இருந்து கிளை எடுத்திருந்தார்கள். தனித்தனி கேபிள் கொடுத்ததும் விழுவது குறைந்தது, நிற்கவில்லை. பிறகு கார்டின் பவர் லிமிட்டை மென்பொருளில் 60 சதவீதமாகக் குறைத்ததும் முற்றிலும் நின்றது. 100க்கு ஏற்றினால் திரும்ப வந்தது.

அதன்பிறகு கையிலிருந்த 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டேன். கேபிள்களோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். மாடுலர் கேபிளின் எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொதுவான அமைப்பு இல்லை. வேறு மாடலின் கேபிள் அழகாகப் பொருந்தி உட்கார்ந்து, டிஸ்கையோ கார்டையோ எரித்துவிடும். புதியதில் விழவில்லை. பழையதைத் திருப்பி மாட்டினேன், விழுந்தது. மறுபடி புதியது. இந்தத் திருப்பி மாட்டும் படியைப் பலரும் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். மாற்றும்போது சரியாக உட்காராத கனெக்டர் ஏதாவது சரியாகியிருக்கலாம். அதற்கான பெயரை எஸ்எம்பிஎஸ் தட்டிச் செல்லும். இந்த மெஷினின் முந்தைய வைத்தியம் எல்லாமே அந்த வகை ஏமாற்றம்தானே.

கடைசியாக உரிமையாளரிடம் கேட்டுத் தெரிந்தது: கூடுதல் ரேமும் இந்த கிராபிக்ஸ் கார்டும் ஒரே நாளில் போடப்பட்டவை. அப்கிரேடு செய்ததிலிருந்து பிரச்சினை என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார், அது உண்மைதான். ஒரே நாளில் பிறந்ததால் ஒரே கோளாறாக எல்லோருக்கும் தெரிந்தது.

சரியாகிவிட்டதா என்பதை எத்தனை நாள் பார்த்துச் சொல்வது? சராசரியாக 3 நாளுக்கு ஒரு தடவை விழும் மெஷின் ஒரு நாள் சும்மா இருந்தால் அதில் சேதி எதுவும் இல்லை. இடைவெளியைப் போல மூன்று மடங்கு, அதாவது 9 நாள் விழாமல் இருந்தால், தற்செயலாக அப்படி அமைந்திருக்கும் வாய்ப்பு நூற்றில் 5தான். நான் அந்த அளவையே வைத்துக்கொள்கிறேன். இந்த மெஷின் அதைத் தாண்டி ஓடியபிறகுதான் கொடுத்தேன். பயாஸ் அப்டேட் செய்தால் அமைப்பு மாறும் என்பதால், ரேம் 2666, எக்ஸ்எம்பி ஆன் செய்யக்கூடாது என்று எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

பின்னர் ஒரு தடவை திரை உறைந்து தானே சரியானதாக போன் வந்தது. லாகில் டிஸ்ப்ளே 4101 இருந்தது: கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டிருக்கிறது. முந்தைய நாள் டிரைவர் அப்டேட் ஆகியிருந்தது. பழைய இரண்டு வகையிலும் இது சேராது. தாளில் தனி வரியாகக் குறித்துவைக்கச் சொன்னேன். இதுவரை இன்னொரு வரி சேரவில்லை.